பாங்காக்கில் குடியிருந்துகொண்டே தெருப்படம் எடுக்கும் முறை

வேலை நிமித்தம் பாங்காக்குக்குக் குடிவரும் பலர் முதல் மூன்று மாதங்களில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துக் குவிப்பார்கள். நான்காம் மாதம் கேமரா அலமாரிக்குப் போய்விடும். வாட் அருண் கோயிலின் கோபுரமும் டுக்-டுக் வண்டிகளும் சீனர் பகுதியான யாவராத் சாலையின் நியான் பலகைகளும் இரண்டு முறை எடுத்தால் தீர்ந்துபோகக்கூடியவை என்பதால், அதற்குமேல் எதை எடுப்பது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. உண்மையில் சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்காத வசதி ஒன்று இங்கே குடியிருப்பவருக்கு உண்டு: அவர் நாளையும் அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு வரலாம். அந்த வசதியைப் பயன்படுத்தித் தெருப்படம் எடுப்பது எப்படி என்பதை, இந்த ஊரில் சில ஆண்டுகள் நடந்து கற்றுக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சோய்

பாங்காக்கின் பெருஞ்சாலைகளிலிருந்து பிரியும் தெருக்களுக்குச் சோய் என்று பெயர். சாலையின் ஒரு பக்கத்துச் சோய்களுக்கு ஒற்றைப்படை எண்களும் மறுபக்கத்துச் சோய்களுக்கு இரட்டைப்படை எண்களும் இருக்கும். பல சோய்கள் மறுமுனையில் அடைபட்டவை என்பதால், உள்ளே வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேயே குடியிருப்பவர்களோ தொழில் செய்பவர்களோதான். அந்நிய முகம் சட்டென்று கண்ணில் படும். ஆனால் பழகிய முகமாக மாறுவதற்கும் அதிக நாள் ஆகாது.

உங்கள் வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையம் அல்லது படகுத்துறை வரையிலான வழியில் அறுநூறு, எழுநூறு மீட்டர் நீளத்தை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு வேறெங்கும் கேமராவுடன் போகாதீர்கள். முதல் வாரம் கேமரா தோளில் தொங்கட்டும்; ஆனால் படம் எடுக்கவேண்டாம். காலையில் ஒரு காபியும், சாயங்காலம் ஒரு பொட்டலம் வெட்டிய பழமும் அதே வண்டிகளில் வாங்குங்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எங்கே நிழல் விழுகிறது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். இது நேரத்தை வீணடிப்பதுபோலத் தோன்றும். ஆனால் அடுத்த மூன்று வாரங்களில் கிடைக்கும் நல்ல படங்கள் எல்லாம் இந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் வரும்.

என் சோயின் குறிப்பேடு ஏறத்தாழ இப்படி இருந்தது. காலை ஆறு மணிக்குப் பன்றி இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுடும் பெண்மணியின் கரி அடுப்பு புகையத் தொடங்கும். அதே நேரத்தில் காவி உடுத்த துறவிகள் வெறுங்காலுடன் பிட்சைக்கு வருவார்கள். சோறும் குழம்பும் கட்டிய பைகளை அவர்களுடைய பாத்திரத்தில் இட்டுவிட்டு மக்கள் குனிந்து வணங்குவார்கள். ஏழு மணிக்குச் சோய் முனையில் ஆரஞ்சு நிற அங்கி அணிந்த மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்களிடம் அலுவலகம் போகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். பகல் மூன்று மணிக்குத் தெருவே உறங்கும். பப்பாளிக்காய்ச் சாலட் இடிக்கும் அம்மாள் உரலின் பக்கத்திலேயே நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்வார். ஐந்தரை மணிக்கு இரவுக் கடைகளின் தள்ளுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

நாளின் சுழற்சிக்கு மேல் வாரத்துக்கும் மாதத்துக்கும் தனித்தனிச் சுழற்சி உண்டு. திங்கட்கிழமைகளில் பல தள்ளுவண்டிகள் வருவதில்லை. வெறிச்சோடிய நடைபாதையே அன்றைக்கு உங்கள் பொருள். அரசு லாட்டரி பொதுவாக ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் குலுக்கப்படுவதால், அதற்கு முந்தைய நாள்களில் லாட்டரிச் சீட்டுப் பலகைகளைச் சுற்றிக் கூட்டம் கூடும். எண்களை மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு சீட்டுகளை விரலால் தடவிப் பார்ப்பவர்களின் முகங்களைப்போல் ஆழ்ந்த முகங்களை நான் கோயில்களில்கூடக் கண்டதில்லை. பௌத்த விரத நாள்களில் பூக்காரர்களுக்கு வியாபாரம் கூடும். பாக் க்லோங் தலாத் பூச்சந்தைக்கு நள்ளிரவுக்குப் பின் போனால் செவ்வந்தி மூட்டைகள் இறங்குவதைக் காணலாம். அங்கே கட்டும் சரத்துக்குப் பெயர் ‘புவாங் மாலாய்’. அந்தப் பெயரில் நம் மாலை இருப்பதைக் கேட்டதும் தெரிந்துகொள்வீர்கள்.

வெளிச்சத்தைக் கணக்கிடுதல்

பாங்காக் ஏறத்தாழ 13.75 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது, சென்னை 13.1 பாகையில் இருக்கிறது. ஆகவே சென்னை வெயிலில் படம் எடுத்துப் பழகியவருக்கு இங்கே சூரியனின் போக்கு புதிதாக இராது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது எடுக்கும் முகங்களில் கண் இருக்கும் இடம் கறுத்த குழியாகிவிடும். அந்த வேளையில் வெயிலில் நின்று மனிதர்களை எடுப்பது வீண். டிசம்பரிலோ நண்பகலில்கூடச் சூரியன் தென்திசையில் ஏறத்தாழ 53 பாகை உயரத்தில்தான் இருக்கும். சாய்ந்த நிழல்கள் நாள் முழுவதும் கிடைக்கும் என்பதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை மதிய உணவு இடைவேளையைத் தாராளமாகப் படத்துக்குச் செலவிடலாம். மார்ச் முதல் மே வரையான கொடும் வெயிலில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் மட்டும் வெளியே போவது உடலுக்கும் படத்துக்கும் நல்லது. வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்திப்பொழுது நீடிக்காது. பொன்னிறம் வந்ததைப் பார்த்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பினால் இருட்டில்தான் போய்ச் சேர்வீர்கள்.

மற்ற நேரங்களில் கூரையைத் தேடுங்கள். 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய பி.டி.எஸ். மேம்பால ரயில், கீழே இருக்கும் சாலைகளுக்கு நிரந்தர நிழலைத் தந்திருக்கிறது. தூண்களுக்கு இடையே விழும் வெயில் பட்டைகளில் யாராவது நடந்து வரும்வரை காத்திருப்பதுதான் அங்கே செய்யவேண்டிய வேலை. வெயில் படும் இடத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை அளந்துகொண்டு, ஒரு படி (ஸ்டாப்) குறைவான வெளிச்சத்திலேயே எடுங்கள். நிழல் கறுத்துப்போனால் போகட்டும். சந்தைகளில் தார்ப்பாய்களும் பெரிய குடைகளும் சிவப்பு, நீலம், பச்சை என்று முகங்களுக்குச் சாயம் பூசும். அதைக் கணினியில் திருத்தி வெளுக்கச் செய்யும் பழக்கம் எனக்கும் இருந்தது, இப்போது இல்லை. அந்தச் சாயம் இந்த ஊரின் வெளிச்சத்தைச் சேர்ந்தது.

இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், சாயங்கால வெளிச்சத்துக்குச் சாரோன் க்ருங் சாலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நான்காம் ராமா மன்னர் காலத்தில், 1860களின் முற்பகுதியில் போடப்பட்ட அந்தச் சாலைக்கு மேற்கே சாவ் ப்ரயா ஆறு ஓடுவதால், பாங் ராக் பகுதியில் ஆற்றை நோக்கி இறங்கும் சோய்களுக்குள் மாலை வெயில் நேராக நுழையும். சற்று வடக்கே உள்ள தலாத் நோயில் பழைய வாகன எஞ்சின்களைப் பிரித்து அடுக்கியிருக்கும் கடைகளின் எண்ணெய்க் கறுப்பில் அந்த வெயில் படுவதைப் பாருங்கள். மழை நாளுக்குப் பதும்வான் சந்திப்பின் வட்ட நடைமேம்பாலமும், புறநகர் ரயில்கள் சில மட்டும் வந்துபோகும் பழைய ஹுவா லம்போங் நிலையமும் உதவும். 1916இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் தொலைதூர ரயில்களில் பெரும்பாலானவை 2023 ஜனவரியில் புதிய முனையத்துக்கு மாறிவிட்டதால், வளைந்த கூரையின் கீழ் இப்போது இடம் நிறைய இருக்கிறது.

கேமரா

இதில் அதிகம் சொல்ல ஏதுமில்லை. சிறிய கேமராவும் 28 அல்லது 35 மி.மீ. லென்ஸும் போதும். நெரிசலான சோயில் ஃபோகஸ் பிடித்துக்கொண்டிருந்தால் கணம் போய்விடும் என்பதால், முன்கூட்டியே தூரத்தை நிர்ணயித்துவிடுவது நல்லது. முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 35 மி.மீ. லென்ஸின் துளையளவை எஃப் 8இல் வைத்து, ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.7 மீட்டர் முதல் 5 மீட்டர் வரை உள்ளவை தெளிவாக விழும். நடைபாதையில் நடக்கும் எல்லாமே அந்த எல்லைக்குள்தான் நடக்கும். பகலில் ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் குறையாமல் வைத்து, ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்திறன் அளவைக் கேமராவின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். யாவராத் சாலையின் இரவுக் கடைகளுக்கு எஃப் 2, 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. 3200 என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்து, அளவைப் பூட்டி, சற்றுக் கீழே இழுத்துக் குறைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கேட்பதும் கேட்காமல் இருப்பதும்

வெள்ளைக்காரர்களை இங்கே ‘ஃபராங்’ என்பார்கள். நம்மை ‘கேக்’ என்பார்கள். அச்சொல்லுக்கு விருந்தாளி என்று பொருள் என்றாலும், அதைச் சொல்லும் தொனி எப்போதும் விருந்தாளிக்கு உரியதாக இருப்பதில்லை. ஃபராங் ஒருவர் கேமராவோடு நின்றால் சுற்றுலாப் பயணி என்று விட்டுவிடுவார்கள். இந்திய முகம் கேமராவோடு தினமும் அதே இடத்தில் நின்றால், துணிக்கடைக்காரரா, வட்டிக்கு விடுபவரா, இவர் எதற்குப் படம் எடுக்கிறார் என்ற கேள்வி எழும். நடைபாதைக் கடைகளை ஒழுங்குபடுத்தும் மாநகர நிர்வாகத்தின் ஆய்வாளர்களிடம் அந்தப் படம் போய்ச் சேருமோ என்ற அச்சமும் பல வியாபாரிகளுக்கு உண்டு. என் சோயின் பழக்காரர் இரண்டு வாரங்கள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்குக் காரணம் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. ஆகவே அனுமதி இல்லாத இடத்தில் நிற்கும் வண்டியின் படத்தை வெளியிடும்போது இடக்குறியைச் சேர்க்காதீர்கள். உங்களுக்கு அது ஓர் அலங்காரம், அவருக்கு அது பிழைப்பு.

தமிழர்களுக்கு இங்கே எளிதாகக் கைவரும் ஒன்று உறவுமுறை வைத்து அழைப்பது. பெற்றோரின் தமக்கைக்குரிய ‘பா’ என்ற சொல்லால் மூத்த பெண்களையும், பெற்றோரின் தமையனுக்குரிய ‘லுங்’ என்ற சொல்லால் மூத்த ஆண்களையும் அழைக்கலாம். நம்மைவிடச் சற்று மூத்தவர்களை, ஆணோ பெண்ணோ, ‘பீ’ என்று அழைக்கவேண்டும். தமிழ்க் காதுக்கு அது சங்கடமான ஒலிதான், ஒரு மாதத்தில் பழகிவிடும். படம் எடுக்கலாமா என்பதற்கு ‘தாய் ரூப் டாய் மாய்’ என்று கேட்டு, ஆணாக இருந்தால் ‘க்ரப்’ என்றும் பெண்ணாக இருந்தால் ‘கா’ என்றும் முடிக்கவேண்டும். அதில் வரும் ‘ரூப்’ நம் ரூபம்தான் என்பதால் மறக்கவே மறக்காது.

எப்போது கேட்பது, எப்போது கேட்காமல் எடுப்பது என்பதற்கு நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. தெருவின் ஓட்டமே பொருளாக இருந்து, மனிதர்கள் அதில் ஒரு பகுதியாக வரும்போது கேட்பதில்லை. ஒருவருடைய முகமே படமாகும்போது கேட்கிறேன். தினமும் பார்க்கிறவர்களிடம் ஒரு முறை கேட்டால் போதும். அதற்குப் பின் அவர்கள் கேமராவை மறந்து தம் வேலையைப் பார்க்கும் நேரத்தில்தான் படம் கிடைக்கும். மறுக்கும் தாய்லாந்துக்காரர் பெரும்பாலும் வாயால் மறுக்கமாட்டார். சிரித்துக்கொண்டே கையை லேசாக அசைப்பார், அல்லது வேறு பக்கம் பார்ப்பார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது புதிதாக வந்தவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒருவர் சத்தம்போட்டால், நியாயம் பேசாமல், அவர் கண்முன்னே படத்தை அழித்துவிட்டு, கைகூப்பி நகர்ந்துவிடுங்கள். இங்கே குரலை உயர்த்தியவருக்குத்தான் மரியாதை போகும்.

குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். நடைமேம்பாலப் படிகளில் பிச்சை கேட்பவர்களையும், பத்பொங், நானா போன்ற இரவுத் தெருக்களில் வேலை செய்பவர்களையும் எடுப்பதை நான் முழுமையாகத் தவிர்க்கிறேன். அங்கே கேமராவைக் கண்டாலே சண்டை வரும், அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. துறவிகளை எடுக்கும்போது பிட்சை இடுபவருக்கும் அவர்களுக்கும் குறுக்கே போகாமல், எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுகொள்ளுங்கள்; பெண்கள் துறவிகளைத் தொடாத தூரத்தில் இருக்கவேண்டும். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நிலையங்களிலும் பூங்காக்களிலும் நாட்டுப்பண் ஒலிக்கும்போது எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். எடுக்க ஆசை தோன்றும் காட்சிதான். ஆனால் அப்போது நீங்களும் கேமராவை இறக்கி நிற்பதே முறை.

சீலோம் சாலையில், பான் சாலை முனையில் இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய அக்கோயிலை ஊரார் ‘வாட் கேக்’ என்கிறார்கள். இன்று அங்கே வழிபட வருகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களும் சீன வம்சாவளியினரும். உள்ளே படம் எடுக்கக்கூடாது. வெளியே பூமாலைக் கடைகளிலும் தட்டு ஏந்தி வரிசையில் நிற்பவர்களிடமும் வேண்டிய அளவு வேலை இருக்கிறது. நவராத்திரி முடிவில் விஜயதசமி இரவு, சாலையோரம் முழுவதும் பூவாலும் விளக்காலும் பீடங்கள் அமைத்து மக்கள் தேர் ஊர்வலத்துக்குக் காத்திருப்பார்கள். ஊர் நினைவு வந்து வெறும் கோபுரத்தையும் தேரையும் எடுத்துத் திரும்பிவிடாமல், வேற்று மொழியில் நம் அம்மனிடம் வேண்டிக்கொள்ளும் அந்த மனிதர்களை எடுங்கள்.

சட்டம்

பொது இடத்தில் சொந்த விருப்பத்துக்குப் படம் எடுப்பதற்குத் தடை இல்லை. 2022 ஜூன் மாதத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட பயன்பாட்டை விலக்கிவைத்திருக்கிறது. ஒருவருடைய முகத்தை விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ பயன்படுத்துவதென்றால் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது பாதுகாப்பு. இங்கே படத்தைவிடப் படத்தின் கீழே எழுதும் வரிதான் ஆபத்தானது. அவதூறு இந்நாட்டில் குற்றவியல் வழக்காகும். அரச குடும்பத்தை அவமதிப்பது தண்டனைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைக்குரியது என்பதால், தெருக்களில் எங்கும் காணப்படும் அரச உருவப்படங்களை நகைச்சுவைக்கான பின்னணியாக ஆக்கவே கூடாது. மதுபானப் பெயர்ப்பலகையும் புட்டியும் தெளிவாகத் தெரியும் படங்களை வெளியிடுவதிலும் கவனம் வேண்டும். மது விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் 2008ஆம் ஆண்டுச் சட்டம் தனிமனிதர்களின் பதிவுகள்மீதும் பாய்ந்திருக்கிறது.

வேலை அனுமதிப் பத்திரம் உங்கள் அலுவலகப் பணிக்கு மட்டுமே உரியது. திருமணப் படம் எடுத்துக் கொடுத்துக் கூலி வாங்குவது அந்த அனுமதியில் அடங்காது. கட்டணம் வாங்கிக்கொண்டு புதியவர்களைப் புகைப்பட நடைக்கு அழைத்துச் செல்வது இன்னும் சிக்கலானது, ஏனெனில் சுற்றுலா வழிகாட்டித் தொழில் இந்நாட்டுக் குடிமக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பேரங்காடிகளும் அலுவலகக் கோபுரங்களின் முற்றங்களும் தனியார் இடங்கள். காவலாளி வந்து கைகளைக் குறுக்காக வைத்துக் காட்டினால் வாதாடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

மழையும் ஈரமும்

குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் வியர்த்துவிடும். துடைத்தாலும் மீண்டும் படியும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே, கேமராவை மூடிய பைக்குள் வைத்தபடி, பால்கனியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது இதைவிடப் பெரிய கேடு. ஊருக்குப் போன ஒரு மாதத்தில், அலமாரியில் துணிகளுக்கு இடையே நான் விட்டுச்சென்ற லென்ஸ் ஒன்றில் சிலந்திவலைபோலப் படர்ந்திருந்தது. சுத்தம் செய்யச் செலவான தொகைக்கு ஈரப்பதம் காக்கும் சிறிய பெட்டியே வாங்கியிருக்கலாம். அது இல்லாதவர்கள், இறுக மூடும் நெகிழி டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளும் மலிவான ஈரமானியும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலம் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை. செப்டம்பரில்தான் அதிகம் பெய்யும். பிற்பகலில் வானம் கறுத்துவிட்டால் அலுவலகத்திலிருந்து ஓட்டமாக வீடு திரும்பாமல், சோய் முனையின் கூரை ஒன்றின் கீழ் நில்லுங்கள். முழங்கால் அளவு நீரில் செருப்பைக் கையில் பிடித்து நடப்பவர்களும், நெகிழி உறையைத் தலையில் மாட்டிய மோட்டார் சைக்கிள்காரர்களும், நீரில் தலைகீழாக எரியும் விளக்குகளும் ஆண்டில் இந்த நாள்களில் மட்டும் கிடைப்பவை. ஏப்ரல் 13 முதல் 15 வரை நடக்கும் சோங்க்ரான் புத்தாண்டில் எல்லோரும் நீர் இறைத்து விளையாடுவார்கள். கேமரா வைத்திருக்கிறேன் என்று நீங்கள் கெஞ்சினாலும் யாரும் விடமாட்டார்கள். நீர்புகா உறை இல்லையென்றால் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, வாளியோடு போங்கள்.

அச்சிட்டுக் கொடுத்தல்

மாதக் கடைசியில் எல்லாப் படங்களையும் பார்த்துப் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்புறைகளுக்குத் தேதியோடு சோயின் பெயரையும் எண்ணையும் எழுதுவது பின்னால் பெரிதும் உதவும். ஒரே இடத்தை ஒரே மாதத்தில் இரண்டு ஆண்டுகள் எடுத்து அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மரத்தாலான எந்தக் கடைவீடு இடிந்து எந்தக் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது என்பது தானே தெரியும்.

அந்தப் பன்னிரண்டில் மனிதர்கள் இருக்கும் படங்களை அட்டை அளவில் அச்சிட்டு உரியவர்களிடம் கொடுங்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் சிறிய ஸ்டூடியோக்களில் காத்திருந்தே வாங்கிக்கொள்ளலாம். பின்பக்கத்தில் தேதியை எழுதும்போது பௌத்த ஆண்டைப் போடுங்கள். நம் ஆண்டோடு 543 கூட்டவேண்டும், 2025 என்பது 2568. இறைச்சி சுடும் பெண்மணி தம் படத்தை விலைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். அடுத்த வாரமே பழக்காரர், தம் படம் எங்கே என்று தாமாகவே கேட்டார். நெகிழி உறையில் போட்டுக் கொடுங்கள், கரிப்புகையில் தாள் சீக்கிரம் மஞ்சளாகிவிடுகிறது.